வாய்விலை

எங்கள் அப்பா ஒரு கேள்விக்கு முதல் தடவையிலேயே உண்மையைச் சொல்லி நான் கேட்டதில்லை. விருதுநகர் பஜாரில் பருப்புக் கடை. துவரை என்ன விலை என்று கேட்டால் ஒன்று சொல்வார். அதற்கு எங்கள் வீட்டில் வாய்விலை என்று பெயர். கேட்டவர் முகத்தைச் சுளித்து, எழுந்து, வாசலில் ஒற்றைச் செருப்பை மாட்டி, இன்னொன்றைத் தேடுகிற நேரத்தில்தான் அப்பா தோள்துண்டை எடுத்து மடியில் விரிப்பார். வந்தவர் திரும்ப வந்து உட்கார்ந்து, துண்டுக்கு அடியில் கையை விடுவார். பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் விரல்களைப் பிடித்தும் விட்டும் பேசி முடிப்பார்கள். அது கைவிலை. வியாபாரம் அதில்தான். வாய்விலையை நம்பி வாங்கிக்கொண்டு போனவனை ஏமாற்றிவிட்டதாக நாங்கள் நினைத்ததே இல்லை. பாவம், பேசத் தெரியாதவன் என்றுதான் நினைத்தோம்.

பழக்கம் கடையோடு நிற்கவில்லை. எனக்குப் பெண் பார்த்தபோது அப்பா என் வயதை இருபத்தாறு என்றார். பெண் வீட்டாரும் பஜார்க்காரர்கள், இரண்டைக் கூட்டி இருபத்தெட்டு என்று சரியாகவே புரிந்துகொண்டார்கள். அப்பா இறந்த அன்று எனக்கு வந்த போன்: "அப்பாவுக்கு சீரியஸ், கிளம்பி வா." நான் வருகிற வழியிலேயே மாலை வாங்கிக்கொண்டேன். என் தங்கை சண்முகவடிவு என்னைவிடத் தேர்ந்தவள். ஏழு வயதில் துண்டுக்கு அடியில் என் விரலைப் பிடித்தே தீபாவளி மத்தாப்பில் பாதிக்கு மேல் கறந்துகொண்டவள்.

போன ஆடி மாதம் தூத்துக்குடியில் நடந்ததைப் பேப்பரில் போட்டிருந்தார்கள். பலத்த காற்று, இன்ஜின் கோளாறு என்று காரணம் எழுதியிருந்தார்கள். அது வாய்விலை.

தான்சானியாவிலிருந்து எனக்கு ஒரு கண்டெய்னர் துவரை வந்திருந்தது. பெட்டியைத் திறக்கும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும். தங்கை புருஷன் சிவப்பிரகாஷ் தானும் வருகிறேன் என்றார். செல்போன் கடை வைத்திருந்தார். கடைக்கு வருகிறவனிடம், "அண்ணே, இந்த மாடல் சரியில்ல, வாங்காதீங்க" என்று சொல்லக்கூடிய மனிதர். எங்கள் குடும்பத்துக்குள் அவர் எப்படி வந்தார் என்பது எங்களுக்கே புரியாத விஷயம்.

"இம்புட்டுப் பக்கத்துல இம்புட்டுப் பழைய துறைமுகம், மச்சான். கிரேக்கன் வந்திருக்கான், போர்ச்சுகீசியன் வந்திருக்கான், டச்சுக்காரன் வந்திருக்கான். நான் மட்டும்தான் வரல" என்றார் காரில்.

"அவங்கல்லாம் கையில எதையாவது வச்சிக்கிட்டு வந்தாங்க மாப்ள. நீங்க வெறுங்கைய வீசிட்டு வாரீங்க."

காலை ஒன்பது மணிக்குக் கண்டெய்னர் யார்டில் எங்கள் ஏஜென்ட்டின் ஆள் செல்லப்பாண்டி கையை விரித்துவிட்டான். "பன்னெண்டு மணிக்கு மேலதான் பெட்டியத் தெறப்பாவ அண்ணாச்சி. அதுவரைக்கும் ஊரச் சுத்திப் பாருங்க."

பார்த்தோம். மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறி நாலாம் நாள். கூட்டத்தில் நின்று அவர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தார். ஒரு பேக்கரியில் மக்ரூன் வாங்கி, வீட்டுக்கு என்று சொல்லி, பாதியைக் காரிலேயே தின்றார். பிறகு நகைக்கடை ஒன்றில் ஏறி, "இந்த ஊர் முத்து இருக்கா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரிக்காமல் பதில் சொன்னார். "இருக்கு அண்ணாச்சி. கணக்குப்பிள்ளை முத்துச்செல்வம், பில் போடுத பிள்ளை முத்துச்செல்வி. மத்தபடி சரக்கெல்லாம் சீனாவுலேருந்து வருது."

மனிதர் வாடிப்போனார். முத்துக்குளித்துறை என்று புத்தகத்தில் படித்துவிட்டு வந்து முத்து இல்லாமல் எப்படித் திரும்புவது? முத்துச்சிப்பி ஒன்றையாவது எடுத்துக்கொண்டுபோய் வடிவிடம் கொடுக்க வேண்டும் என்றார். அப்படித்தான் தெரேஸ்புரம் கடற்கரைக்குப் போனோம். அங்கே ஜாய்சன் என்பவன் தன் பைபர் படகில் வலையை மடக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும்.

"முயல்தீவு வரைக்கும் ஒரு சுத்து சுத்திக் காட்டுதேன். ஹார்பருக்குப் பக்கம், பயமில்ல" என்றான்.

"முயல்தீவுல சிப்பி இருக்குமா?" என்றார் மாப்பிள்ளை.

"சிப்பின்னா வடக்க காசுவாரித் தீவுதான். கரையெல்லாம் ஒதுங்கிக் கெடக்கும். ஆனா அங்கன ஆள் எறங்கக் கூடாது. பாரஸ்ட்காரன் பிடிச்சா கேஸு, போட்டையும் எடுத்துட்டுப் போயிருவான். வேண்டாம் அண்ணாச்சி."

மாப்பிள்ளை, "அப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நான்தான் விடவில்லை. 'வேண்டாம்' என்ற சொல்லை நான் ஒரு மறுப்பாகக் கேட்டுப் பழகியதே இல்லை. எனக்கு அது பேச்சின் முதல் படி. "சரி, வாங்க மாப்ள, வேற ஆள் இல்லாமலா போயிட்டான்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். ஏழாவது அடியில் ஜாய்சன் கூப்பிட்டான். ஏழு என்பது நல்ல கணக்கு. பத்துக்கு மேல் போனால் கூப்பிட மாட்டார்கள்.

"பன்னெண்டுக்கு மேல கச்சான் காத்து எந்திரிச்சிரும் அண்ணாச்சி. மேக்கேயிருந்து கடலப் பாத்து அடிக்கும். அதுக்கு முன்ன வந்துரணும்" என்றான். படகைத் தள்ளும்போது இன்னொன்றும் சொன்னான். "எவனாவது கேட்டா முயல்தீவுன்னு சொல்லிருங்க, என்ன?"

எனக்கு அலை ஒத்துக்கொள்ளாது, பெட்டி திறக்கவும் நான் வேண்டும். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பேண்டை முழங்கால் வரை சுருட்டி ஏறினார். மணி பத்தரை.

யார்டில் துவரை நன்றாக இருந்தது. திரும்பக் கரைக்கு வந்தபோது இரண்டு மணி. படகு வந்திருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், இரண்டு பேர் போனிலும் மணியே அடிக்கவில்லை. காற்று மேற்கிலிருந்து மணலை வாரிக் காலில் அடித்தது. நான் காருக்குள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தேன். படகுகள் வந்தன. எதுவும் ஜாய்சன் படகு இல்லை.

மூன்று மணிக்குப் படகுக்காரர்களின் சங்கக் கொட்டகைக்குப் போனேன். அங்கே பெரியவர் சிலுவை பர்னாந்து. அறுபது வயது, ஆள் கட்டுமஸ்து. விஷயத்தைச் சொன்னேன். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

"ஜாய்சனா? எங்கன போனான்?" என்றார் சிலுவை.

காசுவாரி என்றால் கேஸ். அவன் படகு போகும். தடைசெய்த தீவுக்கு ஆளைப் பேசி அனுப்பிய பருப்பு மொத்த வியாபாரி என்று என் பெயரும் வரும். பெட்டி இன்னும் துறைமுகத்தில்தான் இருக்கிறது. இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசிக்கவில்லை. கேள்வி வந்தது, வாய் திறந்தது.

"முயல்தீவுப் பக்கம்."

பஜாராக இருந்தால் சிலுவை முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். "இந்தக் காத்துல முயல்தீவுக்கா?" என்று இழுத்திருக்க வேண்டும். நான் கொஞ்சம் இறங்கி, ஓரமாகக் கூப்பிட்டு, உள்ளதைச் சொல்லியிருப்பேன். அவர் இன்னொரு தடவை கேட்பார் என்று நான் நின்றேன். அவர் கேட்கவில்லை. வெளியே திரும்பி, "ஏலே, முயல்தீவு! எறக்குங்கலே!" என்று ஒரு சத்தம் கொடுத்தார். பத்து நிமிடத்துக்குள் ஐந்து படகுகள் கடலுக்குள் போய்விட்டன. டீசல் யார் போடுவது என்று ஒருவனும் கேட்கவில்லை. என் ஆயுளில் நான் சொன்ன வாய்விலையை மறுபேச்சில்லாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள்தான்.

அப்போதே கத்தியிருக்கலாம். மாற்றிச் சொன்னால், "முதல்ல ஏன் பொய் சொன்னீரு?" என்று வரும். ஐந்து நிமிடம் கழித்து அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகியிருந்தது, அரை மணி கழித்து அதைவிடப் பெரிதாக. இத்தனை படகு போயிருக்கிறதே, எப்படியும் ஒருவன் கண்ணில் படும் என்று நினைத்துக்கொண்டேன். கடலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பருப்புக் கிடங்கு மாதிரி, நாலு சுவருக்குள் தேடுகிற மாதிரி நினைத்தேன்.

நாலு மணிக்கு வடிவு கூப்பிட்டாள். "அண்ணே, அவுக போனை எடுக்க மாட்டேங்காக."

"கடல்ல டவர் கெடைக்காதுளா. வந்துருவாரு."

"சரி" என்றாள்.

ஐந்து மணிக்குச் சற்று முன் ஜாய்சன் மனைவி சுஜிதா வந்தாள். உப்புக் கம்பெனியில் பாக்கெட் போடுகிற வேலை. கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். வயர்லெஸ்ஸில், "இங்கன ஒண்ணுமில்ல, ஒரு கேன்கூட மிதக்கல" என்று ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கதானே அண்ணாச்சி ஏத்திவிட்டது? தெக்கயா போனாவ?"

"ஆமாம்மா. முயல்தீவு."

"பதினோரு மணிக்கு எங்கூடப் பேசுனாவளே. 'காத்து முதுகுல தள்ளுது, போற வழி லேசு, திரும்பும்போதுதான் மொகத்துல அடிக்கும்'னாவ." அவள் சிலுவையிடம் திரும்பினாள். "மாமா, தென்மேக்குக் காத்து. தெக்க போற போட்டுக்கு எப்படி மாமா முதுகுல தள்ளும்?"

சிலுவை என்னைப் பார்த்தார். கொட்டகையில் எல்லோரும் பார்த்தார்கள். அப்போதுதான், இரண்டு மணி நேரம் கழித்து, அவர் இரண்டாவது தடவை கேட்டார்.

"எங்கனவே போனான்?"

"காசுவாரி."

நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிலுவை வயர்லெஸ்ஸை எடுத்து, "எல்லாவனும் வடக்க திரும்புங்க. காசுவாரிக்குக் கிழக்க, வெலங்க ஆழக்கடல்ல தேடுங்க. தப்பான எடம் சொல்லிட்டாவ" என்றார். கோஸ்ட் கார்டுக்கும் போன் போட்டார். ஒரு கிழவன் மட்டும் மெல்ல, "டீசல் பாதி தீந்திருக்குமே" என்றான்.

"அவன்தான் முயல்தீவுன்னு சொல்லச் சொன்னான்" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"அது காக்கிச் சட்டை கேட்டா சொல்லுததுக்கு" என்றார் சிலுவை. "நாங்க கேட்டதுக்குமா?"

கரையில் மிச்சமிருந்த படகில் அவரே ஏறிப் போனார்.

இருட்டின பிறகு வடிவுக்குப் போன் செய்தேன். இன்ஜின் ரிப்பேராம், தீவில் தங்கிவிட்டார்களாம், காலையில் வந்துவிடுவார்கள் என்றேன். "சாப்பாடு?" என்று கேட்டாள். "இருக்காம்" என்றேன். கரையில் சுஜிதாவோடு பெண்கள் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் மாப்பிள்ளையின் செருப்போடு காரில் இருந்தேன். யாரும் என்னைப் போகவும் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை.

காலை ஏழு மணிக்குச் சிலுவையின் படகு வந்தது. தீவிலிருந்து வெகு தூரம் கிழக்கே, கவிழ்ந்து கிடந்த படகின் முதுகில் ஜாய்சன் ஒட்டிக்கொண்டு கிடந்தானாம். உயிர் இருந்தது. மாப்பிள்ளையை வலைக்கயிற்றால் தன் இடுப்போடு கட்டி வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று வடிவுக்குப் போட்டேன்.

"வடிவு, மாப்ளைக்கு சீரியஸ். கிளம்பி வாளா."

"எட்டயபுரம் தாண்டிட்டேன்" என்றாள். "பாடி கெடைச்சிட்டா?"

ஜாய்சனுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு உப்பில் வெடித்திருந்தது. கட்டிலருகே சுஜிதா நின்றாள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி. திரும்பும்போது இன்ஜின் நின்னுட்டு. கச்சான் போட்டை வெலங்க இழுத்துட்டுப் போயிட்டு. மூணு மணி வாக்குல ஒரு அலை அடிச்சுப் பெரட்டிப் போட்டுட்டு. அவியளுக்கு நீச்சல் தெரியல. ஆனா நல்ல தைரியம் அண்ணாச்சி. அஞ்சு மணி வரைக்கும் பேசிக்கிட்டேதான் கெடந்தாவ."

அவனாகவே சொன்னான்.

"கரையப் பாத்துக்கிட்டே, 'ஒரு போட்டையும் காணலையே'ன்னு நான் சொன்னேன். 'எங்க மச்சான் அங்க நிக்காரு, கவலைப்படாத, பேச்சுல அவர மிஞ்ச ஆள் கெடையாது, ஊரையே கூட்டிக்கிட்டு வந்துருவாரு'ன்னாவ. ஆறு மணிக்கு மேல கை வழுக்க ஆரம்பிச்சிட்டு. கயித்தப் போட்டுக் கட்டுனேன். அதுக்குப் பெறவு பேச்சில்ல."

சுஜிதா என்னைப் பார்த்தாள். அவனிடம் இன்னும் சொல்லவில்லை என்று அவள் பார்வையில் தெரிந்தது.

வெளியே சிலுவை பீடி பற்றவைத்து நின்றார். உப்புத் தண்ணீரில் கண் சிவந்திருந்தது. "போலீசுக்கு நாங்க ஒண்ணும் சொல்லல. எடம் மாத்திச் சொன்ன கதைய எங்க ஆளுங்க யாரும் சொல்ல மாட்டாங்க. எங்களுக்கு அதுல ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்றார். பீடியை இழுத்தார். "உங்க வீட்ல நீங்க சொல்லிக்கிடுங்க."

பிணவறைக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் நோட்டோடு உட்கார்ந்து, பாலிதீன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். செல்போன் ஒன்று. மோதிரம் ஒன்று. பர்ஸ். பேண்ட் பாக்கெட்டில் இருந்ததை மேசையில் கொட்டினார். சிப்பி. "மூணு இருக்கு. இதையும் எழுதணுமா சார்?" என்றார்.

"எழுதுங்க" என்றேன்.

வடிவு பத்து மணிக்கு வந்தாள். அழவில்லை. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். மேசையில் சிப்பிகளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு வைத்துவிட்டாள்.

"நேத்து இருட்டுனதும் தீவுல தங்கிட்டாகன்னு சொன்னியே. அப்பவே தெரியும்" என்றாள். "தேடப் போனவங்ககிட்ட முதல்ல என்ன சொன்ன?"

யாரும் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் ஒரே கடையில் வளர்ந்தவள், அவ்வளவுதான்.

நான் அன்றைக்கு ஒரே ஒரு காரியம் சரியாகச் செய்ய நினைத்தேன். முதல் சொல்லையே உள்ள சொல்லாகச் சொன்னேன். "தப்பான எடத்தச் சொன்னேன் வடிவு. தெக்கன்னு சொன்னேன். மூணு மணிக்குச் சொன்னேன். அஞ்சு மணிக்கு மாத்திச் சொன்னேன். ரெண்டு மணி நேரம்."

அவள் முகம் மாறவில்லை. அப்பா முகம்.

"சரி, அது வாய்க்குச் சொன்னது. உள்ளதச் சொல்லு."

"உள்ளதே அதுதான்ளா."

"அண்ணே." அவள் சேலை முந்தானையை எடுத்து என் மடியில் விரித்தாள். அதற்கு அடியில் கையை விட்டு என் வலது கையைத் தேடிப் பிடித்தாள். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. நான் இரண்டு விரல்களை நீட்டினேன். அவள் அவற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மடங்கியிருந்த மூன்றாவது விரலின் நுனியைத் தேடினாள்.

"ரெண்டுதான்" என்றேன். "அம்மா சத்தியமா ரெண்டு, வடிவு."

அவள் மூன்றாவதை நிமிர்த்தினாள். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நாலாவது இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

போலீஸ்காரர் நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினார். "உடலையும் பொருளையும் வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க சார்."

அதற்கு அந்தக் கைதான் வேண்டும். அவள் விடவில்லை.